பில்ட் ஆகிறது, ஓட மறுக்கிறது!

கேள்வி: என் ஜாவா புராஜெக்ட் மேவனில் பிழையின்றி பில்ட் ஆகிறது. ஓட்டினால் மட்டும் ‘நோ சச் மெத்தட் எரர்’ வருகிறதே, ஏன்?

பதில்: பெரும்பாலும் இது வெர்ஷன் மோதல்தான். நீங்கள் சேர்த்த ஒரு லைப்ரரி குவாவா 20-ஐ நேரடியாகக் கேட்கிறது; இன்னொன்று, தான் சார்ந்திருக்கும் வேறொரு லைப்ரரி வழியாக குவாவா 31-ஐக் கேட்கிறது என்று வையுங்கள். மேவன் புதியது எது என்று பார்ப்பதில்லை. உங்கள் புராஜெக்டுக்கு எது கிட்டே இருக்கிறதோ அதையே எடுக்கும். ஆக, 20 வென்றுவிடும். 31-ல் மட்டுமே உள்ள மெத்தடை யாராவது அழைத்தால் புரோகிராம் அங்கேயே விழும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால், பாம் ஃபைலில் முதலில் எழுதியதற்கே முன்னுரிமை.

‘டிபென்டென்சி ட்ரீ’ கட்டளையை வெர்போஸுடன் ஓட்டுங்கள். மோதலால் ஒதுக்கப்பட்ட வெர்ஷன் எது, அதைக் கேட்டது யார் என்று கிளை கிளையாகக் காட்டிவிடும். பிறகு, தேவையான வெர்ஷனை ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதியில் எழுதிவிட்டால், எந்த வழியாக வந்தாலும் அதுவே நிற்கும். பழைய வெர்ஷனை நம்பியிருக்கும் லைப்ரரி புதியதோடு ஒத்துப்போகிறதா என்று டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கிரேடிலுக்கு மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. அது வழக்கமாக உயர்ந்த வெர்ஷனையே எடுக்கும்.