ஆகாய தூரமும் பாதைத் தூரமும்

நெசவாளரும் விவசாயியுமான நம் அங்கத்தினர்களின் உழைப்பில் ஒரு பகுதி லாரி வாடகையாகப் போய்விடுகிறது. அவ்வாடகையைக் கணக்கிடும்போது நேரும் ஒரு பிழையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நாம் பார்வையிடச் சென்ற சங்கமொன்றில், கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல்லுக்கு மலைப்பூண்டு கொண்டுவர லாரி அமர்த்தியிருந்தனர். காரியதரிசி கைப்பேசியில் கண்ட தூரம் 54 கிலோமீட்டர். அக்கணக்கின்படியே விவசாயிகளிடம் வாடகை பிடிக்கப்பட்டது. லாரிக்காரரோ 95 கிலோமீட்டருக்குப் பணம் கேட்டார். இருவர் கூற்றும் மெய்யே. முன்னது விமானம் நேராகப் பறந்தால் ஆகும் தூரம். பின்னது வத்தலக்குண்டு வழியாகச் சக்கரம் உருளும் தூரம். வித்தியாசம் சங்கத்தின் லாபத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது. அஃதாவது, பூண்டு விளைவிக்காத அங்கத்தினரும் அப்பிழைக்காக இழந்தனர்.

சமவெளியில் இவ்விரண்டு தூரங்களும் அதிகம் வேறுபடுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஆகாய தூரம் சுமார் 50 கிலோமீட்டர். பாதைத் தூரமோ 60க்குள் அடங்கும். ஆனால் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஆகாய தூரம் சுமார் 24 கிலோமீட்டர்தான். பாதையோ 60 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

இதற்குக் காரணம் யாது? திண்டுக்கல் சமவெளியைவிடக் கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தாக ஏற இயலாது. இருபது மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சரிவில் பாதை அமைத்தாலும், இவ்வுயரத்தை எட்ட 36 கிலோமீட்டர் வேண்டும். ஆகவேதான் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைகிறது.

இனி நேரத்தைக் கவனிப்போம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் 54 கிலோமீட்டரை நான்கே நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் இவ்விரு ஊர்களிலும் விமான நிலையம் இல்லை, மதுரைக்கே செல்லவேண்டும். எனவே நான்கு நிமிடக் கணக்கால் நமக்குப் பயனில்லை. சமவெளியில் 45 கிலோமீட்டருக்கு ஒரு மணி, மலைப்பாதையில் 50 கிலோமீட்டருக்கு இரண்டு மணி, ஆக மூன்று மணி நேரம் என்று கொள்வதே முறை. காலைச் சந்தைக்குச் சரக்கு சேர வேண்டுமாயின் இதற்கேற்ப இரவிலேயே புறப்பட வேண்டும்.

கிலோமீட்டருக்கு 30 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். 41 கிலோமீட்டர் பிழைக்கு ஒரு நடையில் 1,230 ரூபாய் துண்டு விழும். வெறும் லாரி மலையேறும் வாடகையும் நம்மைச் சேர்ந்ததாயின் 2,460 ரூபாய் ஆகும்.

ஆகவே சங்க நிர்வாகிகள் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். முதலாவது, ஒப்பந்தத்தில் பாதைத் தூரத்தையும் செல்லும் வழியையும் எழுதிக்கொள்க. இரண்டாவது, சமவெளிக்கும் மலைக்கும் நேரத்தைத் தனித்தனியே கணக்கிடுக. மூன்றாவது, லாரியை வெறுமையாக அனுப்பாதிருக்க வழி தேடுக. மேலே செல்லும் லாரியில் சின்னாளப்பட்டிச் சேலைக் கட்டுகளும், கீழே வரும் லாரியில் பூண்டு மூட்டைகளும் இருந்தால் வாடகை இரு சங்கங்களுக்கும் பாதியாகும்.

மலையின் உயரத்தை நம்மால் குறைக்க இயலாது. அதை ஏறும் செலவைப் பகிர்ந்துகொள்ள இயலும். கூட்டுறவின் பயன் அதுவே.