தன்மதிப்பு

மாணவர் இருவர் ஒரு தேர்வில் தவறினர் எனக் கொள்வோம். ஒருவன், 'இம்முறை நான் செவ்வனே படித்திலேன். அடுத்த முறை முயல்வேன்' என்று எண்ணுகின்றான். மற்றவனோ, 'நான் எதற்கும் பயன்படேன்' என்று எண்ணி உறக்கம் இழக்கின்றான். நேர்ந்த இழப்பு இருவர்க்கும் ஒன்றே. துயரம் மட்டும் வேறுபடுகின்றது. இதற்குக் காரணம், அவர்கள் தம்மைத் தாமே மதிக்கும் மதிப்பாகும். இதனையே தன்மதிப்பு என்பர்.

தன்மதிப்பு வேறு, செருக்கு வேறு. செருக்குடையோன் தன்னைப் பிறரினும் உயர்ந்தோனாகக் கருதுவான். தன்மதிப்புடையோன், தன் குறைகளை அறிந்திருந்தும், தானும் பிறரைப் போல மதிக்கத்தக்கவனே என்று கருதுவான்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மாரிஸ் ரோசன்பர்க் என்பார், நியூயார்க் மாநிலத்தின் 10 உயர்நிலைப் பள்ளிகளில் 5,000-க்கு மேற்பட்ட மாணவரை வினவி, தாம் கண்டவற்றை 1965-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தன்மதிப்புக் குறைந்த மாணவரிடையே கை நடுங்குதல், நெஞ்சு படபடத்தல், உறக்கமின்மை ஆகியன மிகுந்திருந்தன, மனச்சோர்வும் மிக்கிருந்தது. இஃது ஏன்? தம்மை இழிவாக எண்ணுவோர், அதனைப் பிறர் அறியாவண்ணம் பொய்முகம் காட்ட முயல்கின்றனர். அது வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் அவர்களை ஓயாது வருத்துகின்றது. சிறு குறைகூறலும் அவர்தம் நெஞ்சைப் புண்படுத்துகின்றது. ஆதலின் நண்பரை விட்டு விலகுகின்றனர். அத்தனிமை சோர்வை மேலும் வளர்க்கின்றது.

சோர்வினால் தன்மதிப்புக் குறைகின்றதா, தன்மதிப்புக் குறைவினால் சோர்வு பிறக்கின்றதா என்று நீங்கள் வினவலாம். ஒரே மனிதரைக் காலம் விட்டுக் காலம் ஆராய்ந்த ஆய்வுகள் பலவற்றைச் சோவிஸ்லோ, ஓர்த் என்னும் அறிஞர் இருவர் தொகுத்து, 2013-ஆம் ஆண்டில் விடை கூறினர். சோர்வைப் பற்றிய ஆய்வுகள் 77. பதற்றத்தைப் பற்றியவை 18. இரண்டும் ஒன்றையொன்று தாக்குவனவே. ஆயினும், தன்மதிப்புக் குறைவைத் தொடர்ந்து சோர்வு வருதலே வலிமை மிக்கதாகக் காணப்பட்டது. பதற்றத்திலோ இருவழித் தாக்கமும் ஏறத்தாழ ஒத்திருந்தது.

இனி, தன்மதிப்பை வளர்ப்பது எங்ஙனம்? வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளநூலறிஞர் 1890-ஆம் ஆண்டில் அதனை ஒரு பின்னமாகக் காட்டினார். அதன் தொகுதி நாம் பெற்ற வெற்றி. பகுதி நாம் கொண்ட அவா. தொகுதியைக் கூட்டினும் பின்னம் உயரும். பகுதியைக் குறைப்பினும் உயரும். எனவே, அனைத்திலும் முதல்வனாதல் வேண்டும் என்னும் அவாவைக் குறைத்து, இயன்ற செயலொன்றை நாள்தோறும் முடித்தல் நன்று.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி மருத்துவரை நாடுதல் வேண்டும். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணுவார் எவரும் இலர். இதற்கும் நாண வேண்டுவதில்லை. உறக்கம் இழந்த அம்மாணவன் உங்கள் வகுப்பிலும் இருத்தல் கூடும். அவன் விலகிச் செல்லினும், நீங்களே சென்று அவனருகில் அமர்ந்து பேசுங்கள்.