வீட்டுக் காற்றாலை: வாங்கும் முன் எக்ஸெல்லில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வரும் முதல் கவலை வைரஸ் அல்ல, கரண்ட். டைப் செய்து கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் செய்த வேலை போய்விடும். மலை ஊர் என்றால் கவலை இன்னும் அதிகம். காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டால், ஆட்கள் மேலே வந்து சரி செய்யும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையை எடுத்துக் கொள்வோம். அங்கு வீடு உள்ள ஒருவருக்கு, "மேலே காற்றுதான் நன்றாக அடிக்கிறதே, ஒரு சிறிய காற்றாலை வைத்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் லட்சக்கணக்கில் பணம் போகும் விஷயம் இது. வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

உங்கள் தேவை எவ்வளவு?

1000 வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், மானிட்டருடன் சேர்த்து 150 வாட் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். தினம் நான்கு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். லேப்டாப் 50 வாட் என்றால் 0.2 யூனிட்தான். நாள் முழுவதும் ஓடும் 10 வாட் மோடம் 0.24 யூனிட் எடுக்கும். நான்கு எல்.இ.டி. பல்புகளையும் ஒரு மின்விசிறியையும் சேர்த்தாலும் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் போதும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

காற்றின் கணக்கு

காற்றாலையின் இறக்கைகள் சுற்றும் வட்டம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு காற்று அதில் மாட்டும். விட்டம் இரண்டு மடங்கானால் மின்சாரம் நான்கு மடங்காகும். காற்றின் வேகமோ இதையும் மிஞ்சும். வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் எட்டு மடங்காகும். அதாவது வேகத்தை வேகத்தால் பெருக்கி, மீண்டும் ஒரு முறை வேகத்தால் பெருக்க வேண்டும். இதைத்தான் கணக்கில் மும்மடி என்கிறோம்.

காற்றில் உள்ள ஆற்றல் முழுவதையும் எடுக்க முடியாது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் காட்டினார். வீட்டில் வைக்கும் சிறிய இயந்திரத்தில் பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் போக 20 சதவீதம் கையில் நின்றால் நல்லது என்று கணக்குப் போடலாம்.

விளம்பரத்தில் "1 கிலோவாட்" என்று போட்டிருப்பார்கள். எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் என்பார்கள். அது பலத்த காற்று. உங்கள் வீட்டில் 4 மீட்டர் வேகம்தான் என்றால், 12-ல் மூன்றில் ஒரு பங்கு. மும்மடிக் கணக்கில் 27-ல் ஒரு பங்கு. 1000 வாட் இயந்திரம் அந்த நேரத்தில் 37 வாட் தரும். லேப்டாப்புக்கே அது பற்றாது!

வெள்ளிமலையில் காற்று எப்படி?

தமிழ்நாட்டில் பெரிய காற்றாலைகள் அதிகம் உள்ள இடங்களைப் பாருங்கள். முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் எல்லாம் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களை ஒட்டியவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இடைவெளிகள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக் கொண்டு பாய்வதால் அங்கு வேகம் அதிகம். கல்வராயன் மலையோ கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அந்தக் கணவாய் வரிசையில் அது இல்லை. எனவே உயரமான இடம் என்பதாலேயே காற்று கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மொட்டையான மலை முகடும், பலா மரமும் கடுக்காய் மரமும் சூழ்ந்த பள்ளமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் ஒரே காற்று இல்லை.

முதல் மதிப்பீட்டை இன்டர்நெட்டில் எடுக்கலாம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து தரும் குளோபல் விண்ட் அட்லஸ் இலவசம். வரைபடத்தில் வெள்ளிமலையைப் பெரிதாக்கி, உங்கள் வீடு உள்ள இடத்தைக் கிளிக் செய்யுங்கள். உயரம் கேட்கும் இடத்தில் 10 மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக் காற்றாலை நிற்பது ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். 100 மீட்டர் உயரத்தின் வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது பெரிய காற்றாலைகளுக்கானது. இன்னொன்று, அந்த வரைபடத்திற்கு உங்கள் வீட்டு மரம் தெரியாது. மரம் இருந்தால் வேகத்தைக் குறைத்துப் போடுங்கள்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் இந்தியாவுக்கான காற்று வரைபடங்களை வெளியிட்டுள்ளது. 1998-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது. சிறிய காற்றாலைகளையும் அங்கு சோதித்திருக்கிறார்கள். விற்பவரிடம், "உங்கள் மாடலுக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இப்போது எக்ஸெல்லைத் திறங்கள்

புதிய வொர்க்ஷீட்டில் ஏ வரிசையில் பெயர்களையும், பி வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள்.

பி1: இறக்கை வட்டத்தின் விட்டம் (மீட்டர்) – 2.5
பி2: சராசரிக் காற்று வேகம் (மீட்டர்/வினாடி) – 4
பி3: மொத்தத் திறன் – 0.2

பி4 செல்லில் ஆண்டுக்குக் கிடைக்கும் யூனிட் வர வேண்டும். அதற்கான பார்முலா:

=7.2*பி1^2*பி2^3*பி3

செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். அல்லது அந்தந்த இடத்தில் மவுஸால் அந்த செல்லைக் கிளிக் செய்தாலே போதும். முடிவில் என்டர் கீயை அழுத்துங்கள். 576 என்று வரும்.

7.2 எங்கிருந்து வந்தது? வட்டத்தின் பரப்பு, மலை உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை (1.1 கிலோ), ஆண்டுக்கு 8760 மணி நேரம், காற்று சில நேரம் கூடியும் சில நேரம் குறைந்தும் அடிப்பதற்கான திருத்தம் ஆகியவற்றைப் பெருக்கி ஒரே எண்ணாக்கியதுதான் அது.

ஆண்டுக்கு 576 யூனிட் என்றால் நாளுக்கு ஒன்றரை யூனிட். உங்கள் தேவைக்கு ஓரளவு சரியாகத்தான் வருகிறது. ஆனால் என்ன விலைக்கு?

செலவுப் பட்டியல்

காற்றாலை என்றால் இயந்திரம் மட்டும் அல்ல. கணக்கைக் கற்றுக் கொள்வதற்காகக் கீழே சில தொகைகளை வைத்திருக்கிறோம். இது கடை விலைப்பட்டியல் அல்ல. உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக் கொள்ளுங்கள்.

இயந்திரமும் இறக்கைகளும் – ரூ.80,000
கம்பம், இழுவைக் கம்பிகள், கான்கிரீட் அடித்தளம் – ரூ.50,000
இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர் – ரூ.30,000
பேட்டரி – ரூ.25,000
மலை மேல் ஏற்றும் வண்டிக் கூலி, ஆள் கூலி – ரூ.15,000

மொத்தம் ரூ.2,00,000. இதை பி5-ல் போடுங்கள். 20 ஆண்டில் பேட்டரியை இன்னும் மூன்று முறை மாற்ற வேண்டும் என்று கொண்டால் ரூ.75,000. இது பி6. பேரிங், கிரீஸ், கம்பி இறுக்குவது என ஆண்டுக்கு ரூ.3,000 வீதம் 20 ஆண்டுக்கு ரூ.60,000. இது பி7. பி8 செல்லில்:

=(பி5+பி6+பி7)/(பி4*20)

விடை 29.08. அதாவது ஒரு யூனிட் 29 ரூபாய்! உங்கள் வீட்டு மின் கட்டண ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பி2-ல் உள்ள வேகத்தை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

வேகம் 3 – ஆண்டுக்கு 243 யூனிட் – யூனிட் ரூ.68.93
வேகம் 4 – 576 யூனிட் – ரூ.29.08
வேகம் 5 – 1125 யூனிட் – ரூ.14.89
வேகம் 6 – 1944 யூனிட் – ரூ.8.62

அதே இயந்திரம், அதே செலவு. காற்று மட்டும் மாறியிருக்கிறது. விலை எட்டு மடங்கு மாறிவிட்டது.

யூனிட் 10 ரூபாய்க்கு வர எவ்வளவு காற்று வேண்டும்? எக்ஸெல்லில் டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக்கைத் தேர்ந்தெடுங்கள். முதல் கட்டத்தில் பி8, இரண்டாவதில் 10, மூன்றாவதில் பி2 கொடுத்து ஓகே செய்யுங்கள். 5.7 என்று பதில் வரும். லிப்ரே ஆபீஸில் இந்த வசதி டூல்ஸ் மெனுவில் உள்ளது.

நாமே செய்தால் மலிவா?

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் வில்லியம் கம்க்வாம்பா என்ற சிறுவன், பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவன், நூலகப் புத்தகத்தைப் பார்த்து 2002-ல் ஒரு காற்றாலை செய்தான். டிராக்டர் விசிறி, சைக்கிள் சட்டம், டைனமோ, மரக் கம்பம் ஆகியவைதான் பொருள்கள். வீட்டில் பல்பு எரிந்தது, ரேடியோ பாடியது. ஸ்காட்லாந்தின் ஹியூ பிக்காட், மரத்தில் செதுக்கிய இறக்கை, காந்தம், கையால் சுற்றிய செப்புக் காயில் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் முறையைப் புத்தகமாக எழுதினார். நம் பக்கத்தில் ஆரோவில்லில் உள்ள மின்வாயு குழு இந்த வகைக் காற்றாலைகளைச் செய்து, பயிற்சியும் தந்திருக்கிறது. எனவே முடியாத காரியம் அல்ல. ஆனால் பழைய கார் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் அது சரியாக வேலை செய்யும். இறக்கை அவ்வளவு வேகமாகச் சுற்றாது.

செலவைப் பார்ப்போம். 80,000 ரூபாய் இயந்திரத்தை நீங்களே 30,000-ல் செய்து விட்டீர்கள் என்று கொண்டு பி5-ல் 1,50,000 போடுங்கள். யூனிட் 29 ரூபாயிலிருந்து 24.74-க்குத்தான் இறங்குகிறது. காரணம், கம்பமும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அப்படியே இருக்கின்றன. கம்பத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டிடம் எல்லாவற்றையும் விட இறக்கையின் கீழ் நுனி 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. புயல் காற்றில் நிறுத்துவதற்கு பிரேக்கும், இடிக்கு எர்த்தும் கட்டாயம்.

சோலார் எப்படி?

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் பேனல் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். சுற்றும் பாகம் இல்லை, கம்பம் இல்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், மின் லைனுடன் இணைக்கும் வீட்டு சோலாருக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000 மானியம் அறிவிக்கப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி இல்லாமல் லைனுடன் மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஓட பேட்டரி தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால், இழப்பு போக டெஸ்க்டாப் சுமார் ஐந்து மணி நேரம் ஓடும்.

காற்றாலைக்கு ஒரு நல்ல இடம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடி சோலார் சோர்ந்திருக்கும் நாட்களில் காற்று கை கொடுக்கலாம். முகட்டில் வீடு, நல்ல காற்று, லைன் வராத இடம் என்றால் இரண்டையும் சேர்த்து வைப்பது பயன் தரும்.

அளந்த பின் வாங்குங்கள்

கிண்ணம் வைத்த காற்றுமானி ஒன்றைக் கம்பத்தில் ஏற்றி, ஆர்டுயினோ போர்டுடன் இணைத்து மெமரி கார்டில் மணிக்கொரு முறை பதிவு செய்யலாம். பருவக்காற்றுக் காலத்தில் ஒரு மாதம், மற்ற காலத்தில் ஒரு மாதம் என்று அளந்தாலே நிறையத் தெரிந்துவிடும். அந்தப் பதிவை எக்ஸெல்லில் திறந்து, முதலில் ஒவ்வொரு வேகத்திற்கும் மும்மடி கண்டு, பிறகு ஆவரேஜ் பார்முலாவால் சராசரி எடுங்கள். வரிசையை மாற்றக் கூடாது. நாள் முழுவதும் 4 மீட்டர் அடித்தால் மும்மடி 64. பாதி நாள் காற்றே இல்லாமல், பாதி நாள் 8 மீட்டர் அடித்தாலும் வேகத்தின் சராசரி 4-தான். ஆனால் மும்மடியின் சராசரி 256, நான்கு மடங்கு! இப்படி எடுத்த மும்மடிச் சராசரியை பார்முலாவில் பி2^3 உள்ள இடத்தில் போட்டு, 7.2-க்குப் பதில் 3.8 போடுங்கள். ஏற்ற இறக்கத் திருத்தம் அளவிலேயே வந்துவிட்டதால் எண் சிறிதாகிறது.

உங்கள் இடத்தில் 5.7-க்குக் கீழ் வந்தால் அந்தப் பணத்தை பேனலிலும் நல்ல பேட்டரியிலும் போடுங்கள். அதற்கு மேல் வந்தால் தைரியமாகக் கொட்டேஷன் கேளுங்கள். எப்படியானாலும் இந்த ஷீட்டை சேவ் செய்து வைத்துக் கொள்ளுங்கள். விற்பவர் கிலோவாட் பற்றிப் பேசும்போது, நீங்கள் பி2 பற்றிக் கேட்கலாம்.