சீட் கிடைத்துவிடும், டேபிள் கிடைக்க வேண்டுமே!

நீட் எஸ்.எஸ். கவுன்சலிங்கில் இதய அறுவைப் படிப்பான எம்.சிஎச். சி.டி.வி.எஸ். இடங்கள் அண்மை ஆண்டுகளில் காலியாகக் கிடந்திருக்கின்றன. அதைப் பார்த்து, போட்டியே இல்லாத துறை என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இங்கே போட்டி சீட்டுக்கு இல்லை. ஆபரேஷன் டேபிளின் வலது பக்கத்துக்கு. இதய அறுவையில் சர்ஜன் நிற்கும் இடம் அதுதான். பிறவி இதயக் கோளாறுகளைச் சரிசெய்யும் தியேட்டர்கள் குறைவு. காத்திருக்கும் ஃபெலோக்கள் அதிகம். மூன்று கிலோ குழந்தையின் இதயத்தில் கைவைக்கும் வாய்ப்பை யாரும் உங்களுக்குச் சும்மா விட்டுத்தர மாட்டார்கள்.

1. முதலில் வயசுக் கணக்கு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று, அதற்கு மேல் குழந்தைகள் இதய அறுவையில் ஃபெலோஷிப். முப்பதைத் தாண்டித்தான் உண்மையான பயிற்சியே தொடங்கும். உடன் படித்தவர் அதற்குள் வீடு வாங்கியிருப்பார். இதை வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

2. ஃபெலோஷிப்பைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை கேஸ், அதில் பச்சிளம் குழந்தைகள் எத்தனை, ஃபெலோ கையால் முடிந்தவை எத்தனை: இந்த மூன்றையும் கேளுங்கள். சீஃபிடம் அல்ல, அங்கே முடித்துவிட்டு வெளியேறும் ஃபெலோவிடம்.

3. கையைப் பழக்குங்கள். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஆர்ட்டீரியல் ஸ்விட்ச்சில், ஓரிரு மில்லிமீட்டர் கொரோனரி ரத்தக்குழாய்களைப் பெயர்த்து வேறிடத்தில் தைக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய நூல். கண்ணில் லூப் மாட்டிக்கொண்டு, கறிக்கடையில் வாங்கிய ஆட்டு இதயத்தில் தைத்துப் பழகுங்கள், இடது கையாலும். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃப்ரெட் பிளேலாக் ஒரு நீலக் குழந்தைக்கு முதல் ஷன்ட் அறுவையைச் செய்தபோது, அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று வழிசொன்னவர் விவியன் தாமஸ். டாக்டர் பட்டம் இல்லாத லேப் டெக்னீஷியன், கறுப்பினத்தவர். நாய்களில் அந்தத் தையலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர் அவர்தான். நிறவெறி கோலோச்சிய காலத்திலேயே அந்தப் பழக்கம் அவரைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

4. எக்கோ அறையில் உட்காருங்கள். ஒவ்வொரு அறுவைக்கும் முன்பு அந்த இதயத்தைக் காகிதத்தில் நீங்களே வரையுங்கள். திறந்து பார்த்தபின் எங்கே தப்பியது என்று திருத்துங்கள். இதில் லாபமும் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்குக் கேஸ் அனுப்பப்போவது அதே அறையில் இருக்கும் கார்டியாலஜிஸ்ட்தான்.

5. உங்கள் நம்பர்களை நீங்களே எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் இருந்த மார்க் டி லேவால் உலகப் புகழ்பெற்ற சர்ஜன். ஸ்விட்ச் அறுவையில் நல்ல ரிசல்ட் காட்டிக்கொண்டிருந்தவரின் டேபிளில், திடீரென்று அடுத்தடுத்த கேஸ்களில் குழந்தைகள் இறந்தார்கள். அவர் 'கெட்ட நேரம்' என்று விட்டுவிடவில்லை. தான் செய்த 104 அறுவைகளை வரிசையாக வைத்து ஆராய்ந்தார், இறப்பு குறைவாக இருந்த வேறொரு சென்டருக்குப் போய்ப் பார்த்துக் கற்றார், ரிசல்ட் சீரானது. 1994-இல் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வெளியிட்டார். அதனால் அவர் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் லாக்புக்கிலும் ஒவ்வொரு கேஸுக்கும் பைபாஸ் நேரம், கிளாம்ப் நேரம், வென்டிலேட்டர் நாட்கள், சிக்கல், முடிவு இருக்கட்டும். இன்டர்வியூவில் 'நிறைய செய்திருக்கிறேன்' என்பவரையும் ஷீட்டை எடுத்து நீட்டுபவரையும் ஒன்றாகவா பார்ப்பார்கள்?

6. டீம். பெர்ஃப்யூஷனிஸ்ட், அனஸ்தடிஸ்ட், ஐசியு நர்ஸ் ஆகிய மூவரும் உங்களைப் பற்றிச் சொல்வதுதான் சீஃப் காதுக்குப் போகும். தியேட்டரில் கத்துகிறவருக்கு அடுத்த கேஸ் தள்ளிப்போகும். குழந்தையை ஐசியுவில் ஒப்படைக்கும்போது நீங்களே உடன் போங்கள். அந்த ஒப்படைப்பை ஒழுங்காக்க ஃபார்முலா ஒன் பந்தயத்தின் பிட் ஸ்டாப் குழுவிடம் பாடம் கேட்டவர்களும் அதே கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்காரர்கள்தான்.

7. பெற்றோரிடம் 'ஓட்டையை அடைச்சிட்டா எல்லாம் சரியாகிடும்' என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து, படம் வரைந்து, உங்கள் யூனிட்டில் நூற்றுக்கு எத்தனை குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பின்னால் வருவதையும் மறைக்காதீர்கள். ஃபாலோ டெட்ராலஜி சரிசெய்த குழந்தைக்கு வளர்ந்தபின் நுரையீரல் வால்வு மாற்ற வேண்டிவரலாம். அன்றைக்கு நெஞ்சைத் திறக்கப்போகும் சர்ஜன் முதலில் தேடுவது உங்கள் ஆபரேஷன் நோட்ஸைத்தான். எந்த பேட்ச், எந்த அளவு, கொரோனரி எங்கே குறுக்கே ஓடியது என்று அறுவை நடந்த அன்று இரவே எழுதிவிடுங்கள்.