பழைய நேரம் காட்டினால் ஃபைல் போச்சா?

"சார், எதுவும் சேவ் ஆகலை. தேடலில் இன்னும் காலை 9.12-னுதான் காட்டுது."

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிப் போன் செய்கிறார்கள். போன மாதம் பேசிய கடைக்காரர் ஒரு படி மேலே போய்விட்டார். மதியம்வரை போட்ட பில்லெல்லாம் தொலைந்தது என்று தானே முடிவுகட்டி, கல்லாவில் இருந்த பையனை விட்டு 36 பில்லையும் மறுபடி ஏற்றவைத்திருக்கிறார். தொலைந்தது ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு பில்லும் இரண்டு தடவை இருக்கிறது.

பழைய நேரம் காட்டினால் ஃபைல் போச்சு என்ற வதந்தியை யார் கிளப்பினார்களோ! 'எவ்ரிதிங்' போன்ற தேடல் மென்பொருள், நீங்கள் தேடும்போது ஒவ்வொரு ஃபைலையும் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் லட்சக்கணக்கான பெயர்களை நீங்கள் தட்டத் தட்ட வடிகட்டித் தர முடியுமா? முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதன்பின் நடக்கும் மாற்றங்களை, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எழுதிவைக்கும் யுஎஸ்என் ஜர்னல் என்ற குறிப்பேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அந்தக் குறிப்பேடு கொஞ்சம் கஞ்சம். ஃபைலைத் திறந்து முதல் வரி சேர்த்ததும் ஒரு பதிவு விழும். மூடாமல் இன்னும் ஆயிரம் வரி சேர்த்தாலும் அதே காரணத்துக்கு மறுபதிவு கிடையாது, மூடும்போதுதான் அடுத்தது. பில்லிங் மென்பொருளோ காலையில் திறந்த டேட்டா ஃபைலைக் கடை சாத்தும்வரை மூடாமலே வைத்திருக்கும். 9.12 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

எக்ஸ்ப்ளோரரில் பார்த்தேன், அதிலும் பழசுதான் என்பார்கள். இருக்கும். ஃபோல்டர் பட்டியலில் உள்ள நேரம் வெறும் நகல். அசல், ஃபைலின் சொந்தப் பதிவில் இருக்கிறது. நகலைப் புதுப்பிக்க என்டிஎஃப்எஸ் அவசரப்படாது. மாற்றம் செய்த நிரல் ஃபைலை மூடிய பிறகுதான் நேரத்துக்கு உத்தரவாதம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. அந்த நிறுவனத்தின் ரேமண்ட் சென் 2011-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். சந்தேகம் வந்தால் மென்பொருளை மூடிவிட்டு ஒருமுறை பாருங்கள். பையனைப் பிறகு திட்டலாம்.

மற்ற வதந்திகள் சில்லறை. உருவான தேதியைவிட மாற்றிய தேதி முந்தியிருந்தால் தில்லுமுல்லு இல்லை. காப்பி செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பென் டிரைவில் ஒரு விநாடி வித்தியாசம் வைரஸ் வேலையல்ல. ஃபேட் முறை மாற்றிய நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். ஃபோல்டரின் தேதி பழசென்றால் உள்ளே எதுவும் மாறவில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒன்றைச் சேர்த்தால், அழித்தால், பெயர் மாற்றினால்தான் அது நகரும்.

தேதியை மட்டும் நம்பி பேக்கப் எடுக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் தாங்காது. வெராகிரிப்ட் என்ற மறைகுறியாக்க மென்பொருளின் பெட்டகத்துக்குள் நீங்கள் நாள்முழுக்க எழுதினாலும் வெளியே அதன் தேதி மாறாது. வேண்டுமென்றே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தேதி பார்த்து நகலெடுக்கும் பேக்கப் அதைத் தாண்டிப் போய்விடும். உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். அதற்கு விண்டோஸிலேயே செர்ட்யுடில் கட்டளை இருக்கிறது, காசு கேட்காது.

அந்தக் கடைக்காரரிடமும் முந்தின ராத்திரி பேக்கப் இருந்திருந்தால் இரட்டைப் பில்லை அரை மணியில் சரிசெய்திருக்கலாம். கேட்டேன். "இருக்கு சார்" என்றார் தெம்பாக. அதே டிஸ்க்கில், 'புதுசு 2' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் காலி.