நோயின் பெயரும் குறியெண்ணும்

வைத்தியம் பயிலப் புகுவோர் மருந்தைப் பெரிதாகவும், நோயின் பெயரைச் சிறிதாகவும் எண்ணுதல் இயல்பு. அது பிழையென்பதை இச்சிறு கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

இங்கிலாந்திற் பிறப்பு இறப்புக்களைப் பதிவுசெய்யும் தலைமை நிலையத்தில் மரணக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஃபார் என்பார், 1839-ஆம் ஆண்டு அறிக்கையிலே ஒரு பெருங்குறையை எடுத்துரைத்தார். ஒரே வியாதிக்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கின. ஒரே பெயர் பல வியாதிகளையுங் குறித்து நின்றது. பௌதிக சாஸ்திரத்திற்கு நிறையும் அளவும் எத்துணை இன்றியமையாதனவோ, இவ்வாராய்ச்சிக்குத் திட்டமான பெயர்களும் அத்துணை இன்றியமையாதன என்பது அவர் கருத்து. பின்னர் 1893-இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெர்ட்டியோன் மரண காரணங்களை வகுத்து ஓர் அட்டவணை தந்தார். அதன் ஆறாந் திருத்தத்தை 1948-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்று, மரணம் விளைக்காத நோய்களுக்கும் அதில் இடமளித்தது. பதினோராந் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவற்றால் மாணாக்கர்க்கு ஆவதென்னை? ஓர் உதாரணங் காண்போம். கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் பெற்ற ஒருவரைக் கண்டு 'காமாலை' என்று கூறி அமைகின்றோம். காமாலையோ நோயின் அடையாளமேயன்றி நோயன்று. ஈரல் அழற்சியாலும் அது தோன்றும். பித்தப்பைக் கல் பித்தநாளத்தை அடைப்பதனாலும் தோன்றும். பத்தாந் திருத்தத்தின்படி 'ஏ' வகை ஈரல் அழற்சிக்குக் குறியெண் 'பி 15'. பித்தப்பைக் கல்லுக்குக் 'கே 80'. காரணங் கூறாது காமாலையென்று மட்டும் எழுதினால் 'ஆர் 17' என்பதே கிடைக்கும். 'ஏ' வகை அழற்சி அசுத்த நீராற் பரவுவது. ஓரூரிற் பத்துப்பேர் அந்நோயுற்றிருக்க, பத்துச் சீட்டிலும் வெறுங் காமாலையென்றே எழுதப்படின், ஊர்க்கிணற்றைச் சோதிக்கவேண்டுமென்னும் எச்சரிக்கை கணக்கினின்று எழாது. குறியெண் இடுவோர் நோயாளியைக் காண்பதில்லை. வைத்தியர் எழுதிய சொல்லையே காண்கின்றனர்.

சொல்லைத் திட்டப்படுத்தும் இப்பணி தமிழுக்கும் புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே தொண்டாற்றிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேனாட்டு வைத்தியங் கற்பிக்கத் துணிந்தபோது, கலைச்சொற்களை வரையறுக்கும் வேலையையும் மேற்கொண்டார். முதலில் தமிழிலும் பின்னர் வடமொழியிலும் சொற்றேடி, கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்துக்கொண்டார். 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் இம்முயற்சியின் பயனாக வெளிவந்தன. ஆசிரியரும் மாணாக்கரும் ஓருறுப்பை ஒரு சொல்லாற் சுட்டினாலன்றிப் பாடம் நடவாதன்றோ?

ஆதலின், குறியெண்களை மனப்பாடஞ் செய்தல் நமக்கு முதற்கடமையன்று. அவை நூலிற் கிடைப்பன. நோய் யாது, எவ்வுறுப்பிலுள்ளது, எக்காரணத்தால் வந்தது என்னும் மூன்றையும் ஆராய்ந்து, தெளிந்ததைத் தெளிவாகவும், ஐயமுற்றதை ஐயமென்றும் எழுதப் பழகுவோமாக. நம் கையெழுத்து ஒருவர் நோயை மட்டுமன்று, ஓரூரின் நலத்தையும் காக்கவல்லது.