கல்லாப்பெட்டியின் இரண்டு அறைகள்

திருப்பூர்க் காதர்பேட்டையில், ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய பனியன்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி மொத்த விலைக்கு விற்கும் கடையொன்றில், கல்லாப்பெட்டியின் ஓர் அறையில் வியாபாரப் பணமும், அடுத்த அறையில், காலஞ்சென்ற தகப்பனார் பெயரால் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென ஸ்தாபித்த அறக்கட்டளையின் பணமும் இருக்கக் கண்டேன். சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கை பற்றாதபோது இந்த அறைப் பணம் அந்த அறைக்குப் போய்வருமாம். “நம்ம ட்ரஸ்டுதானுங்க, திங்கக்கெழமை வெச்சர்றமுங்க” என்றார் கடைக்காரர். அவர் அயோக்கியர் அல்லர். பணம் திங்களன்று திரும்பியும் விடுகிறது. அதனாலேயே இந்த நம்பிக்கைக்கு இத்தனை ஆயுள்.

பத்திரத்தில் தருமகர்த்தாவாகக் கையொப்பமிட்டவரே சொத்துக்கு எஜமானர் என்பது அந்த நம்பிக்கை. உண்மையோ நேர் விரோதமானது. 1882-ஆம் ஆண்டின் இந்திய ட்ரஸ்ட் சட்டம், 51-ஆம் பிரிவில், அச்சொத்தைத் தருமகர்த்தா தம் லாபத்துக்கு உபயோகிக்கலாகாது என்கிறது. மீறி வியாபாரத்தில் போட்டால், ஆறு மாதத்துக்கொருமுறை அசலோடு சேரும் கூட்டுவட்டியையோ, அதனால் விளைந்த நிகர லாபத்தையோ, விரும்பியதைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பயனாளிக்கு 23-ஆம் பிரிவு தருகிறது. நஷ்டமென்றால் அது தருமகர்த்தாவின் தலையில்.

“அது தனியார் ட்ரஸ்டுக்கான சட்டமாச்சுங்களே” என்று குறுக்கிட்டார் கணக்கப்பிள்ளை. பாதி மெய். பொதுத் தர்மங்களை அச்சட்டம் முதற்பிரிவிலேயே விலக்கிவைத்தது. ஆயினும் அதன் கடமைக் கோட்பாடுகள் அவற்றையும் பிணிக்கும் என்பதே நீதிமன்றங்களின் கொள்கை. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி தர்ம ஆணையர் கணக்குக் கேட்கிறார். நம் ராஜ்யத்தில் கோயிலுக்கு அறநிலையத் துறை உண்டே தவிர, படிப்புதவிக் கட்டளைக்கு அத்தகைய அதிகாரி இல்லை. வரிவிலக்குக் கோரினால் வருமான வரி இலாகா கேட்கும். மற்றபடி, அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்றோ, அட்வகேட் ஜெனரல் தாமாகவோ, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் வழக்கிட வேண்டும்.

2016-இல் ட்ரஸ்ட் சட்டம் புதுப்பிக்கப்பட்டது என்பாரும் உளர். அன்று பிரதானமாக மாறியது முதலீட்டைப் பற்றிய 20-ஆம் பிரிவுதான். அதுவரை கராச்சித் துறைமுகக் கடன்பத்திரமும் ரங்கூன் நகரப் பத்திரமும் அப்பட்டியலில் இருந்தன என்றால், நம் சட்டமன்றங்களின் நிதானம் விளங்கும்! தருமகர்த்தாவின் கடமைகள் 1882-இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பொது அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் கணக்கை யாவரும் பார்க்கத் தாக்கல் செய்யும் சட்டமொன்று தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அது வரும்வரை, காதர்பேட்டை அன்பர்களே, அறக்கட்டளைக்கென்று வங்கியில் தனிக்கணக்கொன்றை அடுத்த சனிக்கிழமைக்கு முன்பாகத் திறந்துவிடுங்கள்.